ஆல்டர் ஓடைக் கூட்டம் முடிந்த விதம்

அமெரிக்காவின் தெற்கு ஜெர்சியில் ஆல்டர் ஓடைக் குவேக்கர்களின் கூட்டம் ஒன்று 1757-ஆம் வருடம் பத்தாம் மாதத்தில் ஒரு முதல் நாள் (ஞாயிறை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) காலை பத்து மணிக்குத் தொடங்கி, 1776-ஆம் வருடம் பதினோராம் மாதத்தில் ஒரு நண்பகலில் முடிந்தது. இடையில் சோளத்தின் விலை இரண்டு முறை ஏறி ஒரு முறை இறங்கியது, கூட்ட வீட்டின் கூரை மாற்றப்பட்டது, கல்லறைத் தோட்டம் நிறைந்து பக்கத்து நிலத்தையும் வளைத்துப்போட வேண்டி வந்தது, நாடு ராஜாவின் கையைவிட்டுப் போனது. கூட்டம் மட்டும் முடியவில்லை. எங்கள் கூட்டத்தில் பாதிரி கிடையாது, பாட்டு கிடையாது, மணி கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து பேசாமல் காத்திருப்போம். யாருக்காவது உள்ளிருந்து சொல் வந்தால் எழுந்து நின்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். யாருக்கும் வராவிட்டால் அதுவும் நல்ல கூட்டம்தான். முன்னால் எல்லோரையும் பார்த்தபடி போட்டிருக்கும் பெஞ்சில் மூப்பர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். போதும் என்று தோன்றும்போது அவர்கள் ஒருவருக்கொருவர் கை கொடுப்பார்கள், அதோடு கூட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். அந்த முதல் நாளில் மூப்பர்கள் கை நீட்டினார்கள். கைகள் சேரவில்லை. உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு ரொட்டித் துண்டு நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. டோபையாஸ் கிரெஸ் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான். தோளும் தோளும் இடித்தன, ஆனால் கைகளுக்கு நடுவில் அந்த இடம் அப்படியே இருந்தது. ஈனோக் ஷார்ப்லெஸ் மறு கையை நீட்டிப் பார்த்தான். அதுவும் எட்டவில்லை. கடைசியில் இருவரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள், மாடு கறக்க நேரமாகிவிட்டதால் எல்லோரும் எழுந்து போனார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் ஒற்றை ஆளை 'நீங்கள்' என்பதில்லை. மாஜிஸ்திரேட்டும் 'நீ'தான், மாட்டுக்காரனும் 'நீ'தான். கடவுளுக்கு முன்னால் எல்லோரும் ஒன்று என்பதற்காக எங்கள் முன்னோர்கள் சிறைக்குப் போய் வாங்கி வந்த வழக்கம் இது. ஆகவே நான் மூப்பர்களையும் 'அவன்' என்றுதான் எழுதுகிறேன், யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஈனோக் தன் வீட்டில் வேலை செய்த தாமாரை 'நீ' என்றான், தாமாரும் அவனை 'நீ' என்றாள். வார்த்தையில் அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. மற்றபடி தாமார் அவனுடைய அடிமை. அவன் அப்பா, கப்பலில் வந்த ஒரு கறுப்புப் பெண்ணை வாங்கினான். அவள் வயிற்றில் தாமார் பிறந்தாள். ஆப்பிள் தோட்டமும் மாவு மில்லும் எப்படி ஈனோக்குக்கு வந்தனவோ அப்படியே தாமாரும் வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும்.

கை சேராமல் போன அந்த நாளுக்கு முந்தின நாள், தூரத்துத் தீவு ஒன்றிலிருந்து மெஹிட்டபெல் என்று ஒரு பெண் பிரசங்கி குதிரையில் வந்து ஈனோக் வீட்டில் இறங்கியிருந்தாள். எங்களில் பெண்களும் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்வார்கள். வாத்துக் கறியும் சோளக் களியும் சமைத்துப் பரிமாறிவிட்டுத் தாமார் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றாள். மெஹிட்டபெல் அவள் பெயரைக் கேட்டாள், உட்காரச் சொன்னாள். தாமார் ஈனோக்கைப் பார்த்தாள். ஈனோக் கெட்டவன் இல்லை, சிரித்துக்கொண்டே, "அவளுக்கு நின்னே பழக்கம், நீ சாப்பிடு நண்பி" என்றான். மறுநாள் கூட்டத்தில் எல்லோரும் அந்தப் பிரசங்கியிடமிருந்து நீளமாக ஏதோ எதிர்பார்த்தார்கள். அவள் எழுந்து நின்று, "என் கால் வலிக்குது. நேத்து சாப்பாட்டு நேரம் பூரா ஒருத்தி நின்னா. நான் உக்காந்துதான் இருந்தேன், வலி மட்டும் எனக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் கைகள் சேரவில்லை. அவள் அடுத்த நாளே வேறு ஊருக்குப் போய்விட்டாள். கூட்டம் முடியாததன் விளைவு அவளையும் தொடர்ந்திருக்க வேண்டும், ஆனால் பிரசங்கிகள் எப்படியும் நின்றுதான் பேசுவார்கள் என்பதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

விளைவு என்னவென்று அன்று சாயங்காலமே தெரிந்தது. டோபையாஸ் சாப்பிட உட்கார்ந்தான், கூழில் உப்பு இல்லை. உப்பைக் கேட்க வாயைத் திறக்கப் பார்த்தான், வாய் திறக்கவில்லை. பயந்துபோய் எழுந்தான், எழுந்ததும் "உப்பு" என்று சத்தம் வந்தது. அவன் மனைவி என்னவென்று கேட்கப் பார்த்து, அவளும் எழுந்த பிறகுதான் கேட்க முடிந்தது. கூட்டம் இன்னும் முடியவில்லை அல்லவா, கூட்டத்தில் நின்றால்தானே பேசலாம். ஒரு வாரத்துக்குள் அங்கத்தினர்கள் வீடு முழுக்க இதே நிலைமை. உப்புக்கு எழுந்தார்கள், பாலுக்கு எழுந்தார்கள். படுக்கையில் புருஷனைத் திட்ட நினைத்த பெண் குளிரில் தரையில் இறங்கி நின்று திட்ட வேண்டியிருந்தது, அவள் முடித்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் மௌனமாகப் போன பிறகுதான் அவன் எழுந்து பதில் சொல்ல முடிந்தது. இதனால் பாதிச் சண்டைகள் நடுவிலேயே தூங்கிப்போயின. கூட்டத்தில் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவதில்லை, பிரார்த்தனைக்கு மட்டுமே கழற்றுவார்கள். ஆகவே தொப்பிகளும் தலையோடு ஒட்டிக்கொண்டன. தொப்பியோடு குளித்தார்கள், தொப்பியோடு தூங்கினார்கள். ஒரு பையன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவதற்காகவே அடிக்கடி பிரார்த்தனை செய்து, பக்தன் என்று பெயர் வாங்கினான். கொல்லன் மக்கில்ரே எங்கள் சபை இல்லை. லாடம் அடிக்க யார் போனாலும் வேண்டுமென்றே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, "என்ன நண்பா, இன்னைக்கு ஒண்ணும் பேச மாட்டேங்கிற, என் மேல கோவமா?" என்பான். கொஞ்ச நாளில் அவனுக்கே சலித்துவிட்டது, ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

தாமாருக்கு இதனால் எந்தத் தொந்தரவும் ஏற்படவில்லை. அவள் எப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல ஒருவரும் நடிக்கவில்லை. அதை எப்படிச் சரிசெய்வது என்பதில்தான் எங்கள் ஆட்களுக்கே உரிய தவறு நடந்தது. எங்கள் சபையில் கை தூக்கி எண்ணி முடிவெடுக்கும் வழக்கம் இல்லை. எல்லோர் மனசும் ஒன்றாகும் வரை காத்திருப்போம். ஒரே ஒருவன் எழுந்து 'என் மனசு ஒப்பல' என்று சொல்லிவிட்டால் விஷயம் அடுத்த மாதத்துக்குப் போகும். நல்ல வழக்கம்தான், பலமுள்ளவன் பலமில்லாதவனை மிதிக்காமல் இருக்க ஏற்பட்டது. தாமாரை விடுதலை செய்ய வேண்டும் என்று மாதக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. ஈனோக் எழுந்து, "என் மனசு ஒப்பல" என்றான். அவனைக் கடிந்து பேச யாருக்கும் மனம் வரவில்லை. அன்பாக எடுத்துச் சொல்லி வர மூன்று பேர் கொண்ட ஒரு குழுவை அனுப்பினார்கள். தாமார் பூசணிப் பை என்ற பலகாரத்தைச் சுட்டுக் கொடுத்தாள். குழு சாப்பிட்டுவிட்டு வந்து, ஈனோக்கின் உள்ளம் இளகித்தான் இருக்கிறது, ஆனால் இன்னும் ஒப்பவில்லை என்று சொன்னது. சபை காத்திருந்தது. மறு வருடமும் குழு போனது, பை சாப்பிட்டது, காத்திருந்தது. ஒரு மனிதனின் மனசு நோகக் கூடாது என்பதில் எங்களுக்கு இருந்த அக்கறை, அவன் வீட்டுச் சமையலறையில் நின்ற மனுஷியின் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு இதை எழுதும்போது கோபம் வருகிறது. அதே நேரம், அந்தக் குழுவில் நான் இருந்திருந்தாலும் பையைச் சாப்பிட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஈனோக்கிடம் காரணங்களுக்குக் குறைவில்லை. முதலில், மனைவி ஹெப்சிபா படுத்த படுக்கையாக இருக்கிறாள், அவள் கண்மூடும் வரை இருக்கட்டும் என்றான். ஹெப்சிபா கண்மூடினாள். பிறகு, அறுவடை முடியட்டும் என்றான். பிறகு, வெளியே போனால் இவளுக்கு யார் இருக்கிறார்கள் என்றான். இது சுத்தப் பொய், ஆனால் அவன் அதை உண்மை என்று நம்பினான். தாமாருக்குக் குவாஷ் இருந்தான். குவாஷ் சுதந்திரமான கறுப்பன், வளைகுடாவில் சிப்பிப் படகு வைத்திருந்தவன். ஈனோக் வீட்டுக்குச் சிப்பி கொண்டுவந்த இடத்தில் இருவருக்கும் பிடித்துப்போய், ஈனோக்கின் சம்மதத்தோடேயே கல்யாணம் செய்துகொண்டவர்கள். கரையோரத்தில் சிப்பி ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி அவன் ஒரு வீடு கட்டியிருந்தான். தாமார் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. சாலை காய்ந்திருக்கும் மாதங்களில் அவன் ஒரு பகலும் பாதியும் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போவான். அவன் வந்திருக்கும் முதல் நாள் கூட்டங்களின்போது கூட்ட வீட்டு வாசலில் இருக்கும் குதிரை ஏறும் கல்லின் மேல் உட்கார்ந்து, கத்தியால் குச்சி சீவிக்கொண்டிருப்பான். உள்ளே மாடிப் படிக்கு அடியில் இருக்கும் பெஞ்சில் தாமார் இருப்பாள். கறுப்பு ஆட்களை அங்கேதான் உட்கார வைப்போம். எங்கள் வழக்கங்கள் எல்லாமே சிறைக்குப் போய் வாங்கி வந்தவை அல்ல.

ஜனங்கள் வெளியே வரும்போது குவாஷ் உட்கார்ந்தபடியே, காலை ஆட்டிக்கொண்டே கேட்பான். அவன் சபையைச் சேர்ந்தவன் இல்லை, உட்கார்ந்து பேசுவதில் அவனுக்குத் தனி சுகம்.

"என்ன பெரியவரே, இன்னும் முடியலையா உங்க கூட்டம்?"

"இன்னும் இல்ல நண்பா," என்பான் டோபையாஸ். "என்னைப் பெரியவரேன்னு கூப்பிடாத. நாங்க எல்லாரும் சமம்."

"அப்படியா? அப்ப நான் உள்ள வந்து ஈனோக் பக்கத்துல உக்காரட்டுமா?"

டோபையாஸ் நேர்மையானவன், கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடத் தெரியாதவன். தொப்பிக்கு அடியில் வியர்க்க வியர்க்க யோசித்தான். பிறகு, சபையில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். சொன்னபடியே மாதக் கூட்டத்தில் கேட்டான். இரண்டு பேருக்கு மனசு ஒப்பவில்லை, விஷயம் அடுத்த மாதத்துக்குப் போனது. அது அங்கேயே வெகு காலம் கிடந்தது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அடிமையின் வயிற்றில் பிறப்பது அடிமையாகத்தான் பிறக்கும், தகப்பன் யாராக இருந்தாலும் சரி. அந்த நாட்டுச் சட்டம் அப்படி. "நான் சுமந்து பெத்து ஈனோக்குக்குக் கொடுக்கணுமா?" என்று தாமார் கேட்டாள். கூட்டம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருவரும் பேசிவைத்தார்கள். அந்தந்த மாதத்தில் என்ன வேர் அரைத்துக் குடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். முதல் சில வருடங்கள் குவாஷ் வரும்போதெல்லாம் மரத்தில் சின்ன வாத்தும் சின்னப் படகும் சீவிக்கொண்டிருந்தான். பிறகு கரண்டி சீவ ஆரம்பித்தான். அவன் தாடி நரைத்தது. தாமாருக்கு நாற்பது தாண்டியது. இது எங்கள் சபை காத்திருந்ததற்கு ஆன செலவு, அதை நாங்கள் கொடுக்கவில்லை.

இப்படியே வருடங்கள் போயின. ஒவ்வொரு வசந்தத்திலும் ஷாட் மீன் ஆற்றில் ஏறி வந்தது, உப்புப் போட்டோம். எழுந்து நின்று பேசுவது குழந்தைகளுக்குச் சிரமமாகவே படவில்லை, கூட்டத்துக்குள் பிறந்தவர்களுக்கு வேறு விதம் தெரியாது. கைக்குழந்தைகள் அழ மாட்டா, நிற்கப் பழகிய அன்றைக்கு ஒரு வருட அழுகையைச் சேர்த்து அழுது தீர்க்கும். காதலர்கள் தோட்டத்தில் மாறி மாறி எழுந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு முதல் நாளும் ஈனோக்கும் டோபையாஸும் கை நீட்டிப் பார்ப்பார்கள், பிறகு மடியில் வைத்துக்கொள்வார்கள். கேட்கிறவர்களிடம், எங்கள் கூட்டம் கொஞ்சம் நீளம் என்று சொல்வோம். ராஜாவோடு நடந்த சண்டை எங்கள் பக்கம் வந்த வருடம் தொடக்கத்தில் ஒரு கேப்டன் கம்பளிகள் கேட்டு வந்தான். அவன் கேட்டதற்கெல்லாம் எங்கள் ஆட்கள் மரியாதையாக எழுந்து நின்று பதில் சொன்னதில் அவனுக்குப் பரம சந்தோஷம். ஏன் ஒருத்தனும் தொப்பியைக் கழற்றவில்லை என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்பு ஈனோக்குக்கு இடுப்புக்குக் கீழே விழுந்துவிட்டது. ஒரு காலையில் எழப் பார்த்தான், கால்கள் அவனுடையவை இல்லை என்பது போலக் கிடந்தன. நிற்க முடியாதவனுக்குப் பேச்சும் கிடையாது. தண்ணீர் வேண்டும் என்றால்கூடக் கேட்க முடியாமல் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள், மூட்டை மாதிரி தொங்கினான், வாய் திறக்கவில்லை. தூக்கிப் பிடிப்பது வேறு, நிற்பது வேறு. தாமார் வந்து தன் முழங்காலால் அவன் முழங்காலை முட்டுக் கொடுத்து, இடுப்புப் பட்டியைப் பிடித்து, தன் பாரத்தைப் பின்னால் சாய்த்து நிமிர்த்தினாள். அவன் பாதம் தரையில் பதிந்தது. "தண்ணி" என்றான். அன்றிலிருந்து அவன் ஒரு நாளில் பேசியதெல்லாம் அவள் கால்களை வைத்துத்தான் பேசினான். பசி, குளிர், ஆப்பிளை இறக்கியாகிவிட்டதா, மில்லில் யார் இருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் அவள் முட்டுக் கொடுத்தாள். ஒரு தடவை அவளிடம் நிமிர்ந்து நின்று, "நீ இல்லேன்னா நான் என்ன ஆவேன்னு பாத்துக்கோ" என்றான். அவளை விடாமல் இருப்பதற்கு அவன் சொன்ன காரணங்களில் அது ஒன்றுதான் உண்மை.

சண்டை வந்த அந்த வருட இலையுதிர் காலத்தில், எல்லா ஊர்ச் சபைகளும் நகரத்தில் கூடிய வருடாந்திரக் கூட்டத்திலிருந்து சொல் வந்தது: இனி அடிமை வைத்திருப்பவன் நம்மவன் அல்ல, கடைசியாக ஒருமுறை அன்பாகக் கேளுங்கள், மறுத்தால் விலக்கிவிடுங்கள். இப்போது எங்கள் ஆட்களுக்கு ஒரு சங்கடம். கேட்டால் பதில் சொல்ல ஈனோக்கால் நிற்க முடியாது. பதில் சொல்லாதவனை எப்படி விலக்குவது? மறுப்புச் சொல்லவில்லை என்பதால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள் சிலர். பேசாமல் இருப்பதன் அர்த்தம் எங்களுக்குத் தெரியாதா, அதைச் சம்மதம் என்று யாரும் சொல்ல முடியாது என்றான் டோபையாஸ். இரண்டு முதல் நாட்கள் இதிலேயே போயின. மூன்றாவது வாரம் குவாஷ் வண்டியோடு வந்து கல்லின் மேல் உட்கார்ந்தான். இந்தத் தடவை குச்சி சீவவில்லை. பனிக்காலத்துக்கு முன் இதுதான் கடைசிப் பயணம் என்றும், தன் மார்பில் இருக்கும் இருமலைப் பார்த்தால் அடுத்த வசந்தத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் தாமாரிடம் முந்தின நாள் சொல்லியிருந்தான்.

அன்று காலையில் ஈனோக்குக்கு நல்ல கோட்டை மாட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, பொத்தான் போட்டுக்கொண்டே தாமார் பேசினாள். உட்கார்ந்திருந்தவனால் பதில் சொல்ல முடியாது, கேட்கத்தான் முடியும்.

"ஈனோக், இதக் கேட்டுக்கோ. இன்னைக்கு எல்லாரும் பாக்க உன்னை நான் நிக்க வெக்கிறேன். ஆமான்னு சொல்லு, இல்லேன்னு சொல்லு, அது உன் பாடு. உன் வாய்க்குள்ள நான் கை விட முடியாது. ஆனா இதுதான் கடைசி. இதுக்கப்புறமும் நான் இங்கதான் கெடக்கணும்னா, உன்னைக் கழுவுவேன், கூழு ஊட்டுவேன், படுக்கையில திருப்பிப் போடுவேன். நிக்க மட்டும் வெக்க மாட்டேன்."

கடைசிப் பொத்தானைப் போட்டாள். ஈனோக்கின் கண்கள் அவள் முகத்தை விட்டு நகரவில்லை.

கூட்ட வீட்டில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. முன் பெஞ்சில் ஈனோக்கை நாற்காலியோடு வைத்தார்கள், பக்கத்தில் டோபையாஸ். டோபையாஸ் எழுந்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தான். அப்போது படிக்கு அடியில் இருந்த பெஞ்சிலிருந்து தாமார் எழுந்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தாள். அந்தப் பெஞ்சிலிருந்து யாரும் அவ்வளவு தூரம் வந்து நாங்கள் பார்த்ததில்லை. முழங்காலை முட்டுக் கொடுத்தாள், பட்டியைப் பிடித்தாள், நிமிர்த்தினாள். ஈனோக் ஷார்ப்லெஸ் சபைக்கு முன்னால் நின்றான்.

"என் மனசு," என்று ஆரம்பித்தான். அத்தனை வருடம் கேட்ட வாக்கியம் என்பதால் மிச்சத்தை எல்லோரும் மனசுக்குள் முடித்துவிட்டார்கள். ஆனால் அவன் முடிக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தான். தாமாருக்கு நாற்பத்தைந்து வயது, விடியும் முன் எழுந்தவள், அவள் கால்கள் நடுங்க ஆரம்பித்தன. அந்த நடுக்கம் அவன் கால்களுக்குள் ஏறுவதை முன் வரிசையில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அவன் காலுறை நடுங்கியது.

"கால் வலிக்குது," என்றான் ஈனோக். குனிந்து தன் கால்களைப் பார்த்தான். "என் காலு இல்ல. அதுல உணர்ச்சி போயி ரெண்டு வருஷம் ஆச்சு. இது இவ காலு." பிறகு தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தான். "இவ்வளவு வலியா, தாமார்? நீ சொல்லவே இல்லையே."

"நீ கேக்கல," என்றாள் தாமார்.

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. ஈனோக் அழுதான். அழுதுகொண்டே, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "மனசு ஒப்புது. இவ எனக்குச் சொந்தமில்ல. இன்னைக்கே போகட்டும்" என்றான்.

தாமார் அவனை மெதுவாக நாற்காலியில் இறக்கினாள். பழக்கத்தில் கோட்டையும் இழுத்துச் சரிசெய்தாள். பெண்கள் பக்கம் பலர் கண்ணைத் துடைத்தார்கள். டோபையாஸ் முகமெல்லாம் மலர ஈனோக்கின் பக்கம் கை நீட்டினான், ஈனோக்கும் நீட்டினான்.

கைகள் சேரவில்லை. ரொட்டித் துண்டு நுழையும் அளவு இடம் அப்படியே இருந்தது. டோபையாஸ் தன் கையைப் புரட்டிப் பார்த்தான், அதில் என்ன தவறு என்று அவனுக்குப் புரியவில்லை. அவன் யாரையும் அடிமையாக வைத்திருந்ததில்லை. பத்தொன்பது வருடம் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, இன்னும் இல்ல நண்பா என்று சொன்னதைத் தவிர வேறு ஒன்றும் செய்ததில்லை. பெருமூச்சு விட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்து மற்றவர்களும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பெஞ்சில் வாகாகச் சாய்ந்தார்கள். காத்திருப்பதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

தாமார் நடுவில் நின்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள்.

"இருங்க, இருங்க," என்றாள். "உக்காந்திருக்கறது உங்களுக்கு நல்லா வரும்."

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். கதவை அவளே திறந்தாள். கல்லின் மேல் இருந்த குவாஷ் தலையைத் தூக்காமலேயே, வழக்கமான கேள்வியை, இருமலுக்கு நடுவில், கேட்டான்.

"முடிஞ்சிருச்சா?"

"எனக்கு முடிஞ்சிருச்சு," என்றாள் தாமார்.

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். கல்லிலிருந்து இறங்கி, கால்சட்டையில் கையைத் துடைத்து, வண்டியில் ஏற்றிவிடுவதற்காக அவளிடம் நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். கையும் கையும் சேர்ந்தன.

அந்த நொடியில் உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் கூட்டம் முடிந்துவிட்டது தெரிந்தது. திறந்து கிடந்த கதவு வழியாகக் காற்று வந்து தொப்பிகளைத் தட்டிவிட்டது, அவை தரையெங்கும் உருண்டன. பத்தொன்பது வருடம் வெளிச்சம் அதிகம் படாத நெற்றிகள் உரித்த வெங்காயம் போல வெளுத்திருந்தன. கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தன. யாரோ உட்கார்ந்தபடியே, "அடுப்புக்குக் கட்டை போடு" என்று சொல்லிவிட்டு, தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார்கள். முன் பெஞ்சில் மூப்பர்கள் இருவரும் கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தை முடித்தவர்கள் அவர்கள் இல்லை, சபையின் அங்கத்தினர்கள் கூட இல்லை.

வெளியே தாமார் வண்டியில் உட்கார்ந்தாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். ஜன்னல் ஓரம் இருந்தவர்களுக்கு அவள் பேசியது கேட்டது, உட்கார்ந்துகொண்டு அவள் பேசி அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மெதுவா ஓட்டு," என்றாள். "உக்காந்து பாத்துக்கிட்டே வரணும்."

விடுதலைக் காகிதத்தை இரண்டு வாரம் கழித்து டோபையாஸே வளைகுடாவுக்குக் கொண்டுபோனான். சுண்ணாம்பு வீட்டில் அவனை உட்காரச் சொன்னார்கள். அவன் உட்காரவில்லை, நின்றபடியே கொடுத்துவிட்டு வந்தான். குவாஷின் இருமல் அந்தப் பனிக்காலத்தைத் தாண்டியது, இன்னும் ஒன்பது பனிக்காலங்களையும் தாண்டியது. தாமார் வாசலில் ஒரு பெஞ்சு போடச் சொல்லி, அதில் உட்கார்ந்து சிப்பி உடைப்பாள் என்று அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் சொன்னார்கள். மர வாத்தும் படகும் அடுப்பு மேல் வரிசையாக இருந்தன என்றும் சொன்னார்கள். ஈனோக் மேலும் இரண்டு வருடம் உயிரோடு இருந்தான். உட்கார்ந்தே பேசலாம் என்று ஆன பிறகு அவன் அதிகம் பேசவில்லை. டோபையாஸ்தான் காலையும் மாலையும் போய் அவனைத் தூக்கிவிட்டான், அதில் அவனுக்கு முழங்கால் வலி வந்தது. அதைப் பற்றிக் கேட்டவர்களிடம் எல்லாம் விவரமாகச் சொன்னான்.

அதிலிருந்து ஆல்டர் ஓடையில் கூட்டத்தை மூப்பர்கள் முடிப்பதில்லை. வாசலுக்குப் பக்கத்தில் யார் இரண்டு பேர் இருக்கிறார்களோ அவர்கள் கை கொடுத்துக்கொள்வார்கள். படிக்கு அடியில் இருந்த பெஞ்சை எடுத்துவிட்டோம், எடுக்க நாங்கள் பிடித்த காலத்தைப் பற்றிக் கேட்காமல் இருப்பது நல்லது. சில வருடங்களுக்கு ஒருமுறை கை சேராமல் போவது இப்போதும் நடக்கிறது. வெளியூர் நண்பர்கள் பார்த்துப் பதறுவார்கள், எங்களுக்குப் பழகிவிட்டது. கைகளுக்கு நடுவில் அந்த இடம் தெரிந்தவுடனே, இப்போது நாங்கள் காத்திருப்பதில்லை. எல்லோரும் ஒரு தடவை திரும்பி, கதவுப் பக்கமும் சமையலறைப் பக்கமும் பார்க்கிறோம். யாராவது ஒருவர் உட்கார்ந்தபடியே கேட்பார்:

"யாரு இன்னும் நிக்கிறா?"